தடைப் பட்டியலைக் கண்டு தொழில் உளவு அஞ்சுமா?

வாசகர் கேள்வி | 9 ஜனவரி 2023

அமெரிக்காவில் ஜனவரி 5 அன்று புதுச் சட்டம் ஒன்று கையெழுத்தாகியிருக்கிறது. அமெரிக்கர்களின் அறிவுசார் சொத்தைக் காக்கும் சட்டமாம். வணிக இரகசியங்களைத் திருடும் வெளிநாட்டு நிறுவனங்கள் மீது இனி பொருளாதாரத் தடை வரும் என்கிறார்கள். 1996-லேயே பொருளாதார உளவுச் சட்டம் வந்துவிட்டது, அதில் 15 ஆண்டு சிறை வரை இருக்கிறது. அந்தச் சட்டம் தடுக்காததை இது எப்படித் தடுக்கும்? பீஜிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு நியூயார்க்கில் வங்கிக் கணக்கா இருக்கிறது? எனக்கு இது கண்துடைப்பாகத்தான் தெரிகிறது.

9 ஜனவரி 2023, இரவு

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

2014 மே மாதம் சீன ராணுவத்தின் 61398 பிரிவைச் சேர்ந்த ஐந்து அதிகாரிகள் மீது பென்சில்வேனியாவில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வெஸ்டிங்ஹவுஸ், யு.எஸ். ஸ்டீல், அல்கோவா, சோலார்வேர்ல்ட் எனப் பெரிய பெயர்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தன; எஃகுத் தொழிலாளர் சங்கமும் இருந்தது. ஐந்து பேர் படத்தையும் எஃப்.பி.ஐ. சுவரொட்டியாக வெளியிட்டது. இன்றுவரை ஒருவரும் அமெரிக்க நீதிமன்றத்தின் படி ஏறவில்லை.

தனி ஆட்களை விடுங்கள், நிறுவனங்களைக்கூட நீதிமன்றத்துக்கு இழுப்பது பெரும்பாடு. டூபான்ட் நிறுவனத்தின் டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிப்பு முறை களவுபோன வழக்கில், அதைக் கொண்டுபோய்க் கொடுத்த வால்டர் லியூவுக்கு 2014-இல் 15 ஆண்டு தண்டனை கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட சீனாவின் பாங்காங் குழுமத்துக்கோ அழைப்பாணையை முறைப்படி சேர்ப்பிப்பதே ஆண்டுக்கணக்கில் தகராறாக இருந்தது. இதற்கென்றே நீதிமன்ற நடைமுறை விதியை 2016 டிசம்பரில் மாற்றினார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்தவர் சிறையில். வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் அழைப்பாணைக்கே அகப்படவில்லை. குற்றவியல் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். புதுச் சட்டம் அடைக்கப் பார்ப்பதும் இதைத்தான். சட்டத்தின் வாசகத்தை நாளை எழுதுகிறேன்.

10 ஜனவரி 2023

வான் ஹாலன், பென் சாஸ் என்ற இரண்டு செனட்டர்கள், ஆளுக்கு ஒரு கட்சி, சேர்ந்து கொண்டுவந்த சட்டம் இது. குடியரசுத் தலைவர் 180 நாளுக்குள் காங்கிரஸுக்கு ஓர் அறிக்கை தரவேண்டும்; பிறகு ஆண்டுதோறும் தரவேண்டும். அமெரிக்கர்களின் வணிக இரகசியங்களைப் பெரிய அளவில் தெரிந்தே திருடியவர்கள் யார், அந்தத் திருட்டால் பயனடைந்தவர்கள் யார், அதற்குக் கணிசமாக உதவியவர்கள் யார் என்று அதில் பெயர் சொல்ல வேண்டும். அந்தத் திருட்டு நாட்டின் பாதுகாப்புக்கோ வெளியுறவுக்கோ பொருளாதார நலத்துக்கோ பெரிய அச்சுறுத்தலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனத்தின் பெயர் வந்தால் அதன் தலைமை நிர்வாகி, இயக்குநர் குழு உறுப்பினர்கள் பெயரும் வரும்.

தண்டனை ஒரு பட்டியலாக இருக்கிறது. சொத்து முடக்கம், ஏற்றுமதி உரிம மறுப்பு, அமெரிக்க வங்கிக் கடனுக்குத் தடை, அரசுக் கொள்முதலில் விலக்கு, முதலீட்டுத் தடை என்று 12 வகை. நிறுவனமாக இருந்தால் குறைந்தது ஐந்தாவது போட்டாக வேண்டும். தனி ஆளாக இருந்தால் சொத்து முடக்கமும் விசா மறுப்பும்.

எனக்கு முக்கியமாகப் படுவது ‘பயனடைந்தவர்’ என்ற சொல் உள்ளே இருப்பது. திருடியது உளவுத் துறையாக இருக்கலாம், கூலிக்கு வேலை செய்த ஹேக்கராக இருக்கலாம், காசுக்கு விலைபோன ஊழியராக இருக்கலாம். அவர்களை அஞ்சவைப்பது கடினம். ஆனால் அந்தக் கோப்பை வைத்துப் பொருள் செய்து விற்கிற நிறுவனத்துக்குக் கடன் வேண்டும், இயந்திரம் வேண்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர் வேண்டும். இழக்க நிறைய வைத்திருப்பவர் அவர்தான்.

10 ஜனவரி 2023, சற்று நேரம் கழித்து

‘இதற்கு முன்பே இப்படி அதிகாரம் இருந்ததே’ என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். இருந்தது. 2014 டிசம்பரில் பாதுகாப்புச் செலவினச் சட்டத்தின் 1637-வது பிரிவு வந்தது. 2015 ஏப்ரல் 1 அன்று ஒபாமாவின் 13694-வது ஆணை வந்தது. இரண்டுமே 1977-ஆம் ஆண்டின் அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தை அடித்தளமாகக் கொண்டவை. இரண்டிலும் திருட்டுப் பொருளால் ஆதாயம் பெறுபவரையும் தொட இடமிருந்தது.

ஆனால் அவை இணையவழித் திருட்டுக்கு மட்டும். ஒரு பொறியாளரை விலைக்கு வாங்கி அவர் கையாலேயே கோப்பை எடுக்கவைத்தால் அந்த ஆணை எட்டாது. புதுச் சட்டத்தில் எந்த வழியில் திருடினாய் என்ற கேள்வியே இல்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு: பழைய ஆணைகள் ‘செய்யலாம்’ என்றன. இது ‘செய்தாக வேண்டும்’ என்கிறது. தேசநலன் கருதி விலக்குக் கொடுக்கும் கதவு ஒன்று குடியரசுத் தலைவருக்குத் திறந்தே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

14 ஜனவரி 2023

விலைக்கு வாங்கப்பட்ட பொறியாளர் என்று பொதுவாகச் சொன்னதற்கு எடுத்துக்காட்டுக் கேட்டிருக்கிறார்கள். சினோவெல் வழக்கு.

அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் என்ற நிறுவனம் காற்றாலைகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளும் மின்னணுக் கருவிகளும் செய்தது. அதன் மிகப் பெரிய வாடிக்கையாளர் சீனாவின் சினோவெல். 80 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் இருந்தது. 2011 மார்ச்சில் சினோவெல் திடீரென்று சரக்கை ஏற்க மறுத்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது: ஆஸ்திரியாவில் இருந்த துணை நிறுவனத்தின் பொறியாளர் டேயான் கரபாசெவிச்சைப் பணத்தாலும் வேலை ஒப்பந்தத்தாலும் வளைத்து மென்பொருளின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) வாங்கிவிட்டார்கள். நிரல் கைக்கு வந்தபின் விற்றவர் எதற்கு?

அந்த அமெரிக்க நிறுவனத்தின் பங்கு மதிப்பில் 100 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. ஏறத்தாழ 700 பேர் வேலை இழந்தார்கள். உலகெங்கும் இருந்த அதன் ஊழியர்களில் பாதிக்கு மேல். 2018 ஜனவரியில் விஸ்கான்சின் ஜூரி சினோவெலைக் குற்றவாளி என்றது. சட்டம் அனுமதித்த உச்ச அபராதம் 15 லட்சம் டாலர். இழப்பீட்டுச் சமரசம் 5.75 கோடி டாலர்.

இந்த இரண்டு தொகையையும் 80 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடிபட்டாலும் லாபம் என்றால் யார்தான் அஞ்சுவார்? பொருளாதார உளவுக்கான அபராதத்தை 2013 ஜனவரியில் உயர்த்தினார்கள். நிறுவனமாக இருந்தால் ஒரு கோடி டாலர் அல்லது திருடியதன் மதிப்பில் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. ஆனால் அது அரசுக்காகத் திருடினார்கள் என்று நிரூபிக்கும் வழக்குக்கு. அந்தத் தொடர்பை நிரூபிப்பது மிகக் கடினம் என்பதால் பெரும்பாலான வழக்குகள் சாதாரண வணிக இரகசியத் திருட்டாகவே போடப்படுகின்றன.

15 ஜனவரி 2023

இழப்பின் மொத்தத் தொகை பற்றிச் சண்டை வேண்டாமே. 2013-இல், அறிவுசார் சொத்துத் திருட்டை ஆராய்ந்த பிளேர்-ஹன்ட்ஸ்மன் ஆணையம் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் அளவில் இருக்கும் என்றது. 2017-இல் அதே ஆணையம் 22,500 கோடியிலிருந்து 60,000 கோடி வரை என்றது. மேல் எண் கீழ் எண்ணைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதை வைத்து யாரும் எதையும் நிறுவ முடியாது. சினோவெல் போல் ஒப்பந்தம் வரை தடம்பிடிக்கக்கூடிய ஒரு வழக்கு எனக்குப் போதும்.

22 ஜனவரி 2023

‘வங்கிக் கணக்கு இல்லாதவருக்குத் தடையால் என்ன?’ இந்தக் கேள்விக்குத்தான் என் வேலையிலிருந்து பதில் சொல்ல முடியும்.

நான் தொழிற்சாலைக் கருவிகள் ஏற்றுமதி செய்யும் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு வாங்குபவர், இடைத்தரகர், சரக்கு அனுப்புபவர், வங்கி, எல்லாப் பெயரையும் கருவூலத் துறையின் பொருளாதாரத் தடைப் பட்டியலோடும் வணிகத் துறையின் ஏற்றுமதித் தடைப் பட்டியலோடும் ஒப்பிடுவது எங்கள் அன்றாடம். பெயர் அப்படியே பொருந்தினால் கதை முடிந்தது. பொருந்தாவிட்டாலும் முடிந்துவிடாது. தடைக்குள்ளானவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனமும் தானாகவே தடைக்குள் வரும். அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. நாங்கள்தான் உரிமையாளர் யார் என்று துருவிப் பார்க்க வேண்டும்.

தடை விதியை வேண்டுமென்றே மீறினால் 20 ஆண்டு சிறை, 10 லட்சம் டாலர் அபராதம் வரை போகலாம். இது திருடியவருக்கு இல்லை, அவரோடு வியாபாரம் செய்த எங்களுக்கு. அதனால்தான் பட்டியலுக்கு இவ்வளவு கை நீளம். பீஜிங்கில் இருப்பவருக்கு நியூயார்க்கில் கணக்கு வேண்டியதில்லை. அவருக்கு வால்வு விற்கும் ஜெர்மானியருக்கு இருக்கிறது. அவருக்குக் கடன் கொடுக்கும் சிங்கப்பூர் வங்கிக்கு இருக்கிறது. டாலர் கைமாறும்போது அது எங்கோ ஓர் அமெரிக்க வங்கியைத் தொட்டுத்தான் போகிறது.

விதி கேட்பதைவிட அதிகமாகவே எல்லோரும் பின்வாங்குகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தைப் பற்றி வதந்தி வந்தாலே போதும். வழக்கறிஞர் வாய் திறப்பதற்குள் விற்பனைப் பிரிவு விலைப்புள்ளி கொடுப்பதை நிறுத்திவிடும். சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஆயிரம் பேருக்கு ஒரே பெயர் வருகிறது. ஒன்றும் அறியாத ஒருவரின் பணம் பெயர்ப் பொருத்தத்தால் வாரக்கணக்கில் நிற்கிறது. அந்த ஆளிடமிருந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதும் நாங்கள்தான்.

22 ஜனவரி 2023, பின்குறிப்பு

இந்த விஷயத்தில் உனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு சிறு நிறுவனத்தில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரோடு செய்த ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து அதே பலகை வேறு பெயரில், எங்கள் உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தது. அதன் சேவைக் கையேட்டைப் பிரித்தால் மின்சுற்றுப் படத்தில் எங்கள் சோதனைப் புள்ளி எண்கள். அவை எங்கள் ஆய்வகத்துக்குள் நாங்கள் வைத்துக்கொண்டவை; வாங்குபவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. வழக்கறிஞரிடம் போனோம். அவர் சொன்ன செலவு எங்கள் ஆண்டு வருமானத்தை விழுங்கக்கூடியது. வழக்குப் போடவில்லை. அந்தப் பிரிவை மூடினார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்தப் பலகைக்குத் தன் வாழ்க்கையில் பல வருடத்தைக் கொடுத்தவர். அதன்பின் அவர் அந்தத் துறைக்கே திரும்பவில்லை.

5 பிப்ரவரி 2023

தடை நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு 2018-இன் ஃபூஜியன் ஜின்ஹுவா விவகாரத்தைப் பார்க்கலாம்.

ஜின்ஹுவா, சீன அரசு பணத்தில் எழும்பிய மெமரி சிப் ஆலை. தைவானின் யு.எம்.சி. தொழில்நுட்பம் தந்தது. அந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் மைக்ரானிடமிருந்து திருடியது என்பது குற்றச்சாட்டு. 2018 அக்டோபர் 29 அன்று வணிகத் துறை ஜின்ஹுவாவை ஏற்றுமதித் தடைப் பட்டியலில் போட்டது. நவம்பர் 1 அன்று நீதித் துறை குற்றப்பத்திரிகையை வெளியிட்டது.

எது வேலை செய்தது என்று பாருங்கள். குற்றப்பத்திரிகை நீதிமன்றத்தில் காத்திருந்தது. பட்டியலோ சில நாளிலேயே ஆலையைத் தொட்டது. சிப் ஆலையில் அமெரிக்க இயந்திரங்கள் இல்லாமல் முடியாது. அவற்றை நிறுவிப் பராமரிக்கும் பொறியாளர்கள் கிளம்பிப் போனார்கள். யு.எம்.சி. கூட்டு வேலையை நிறுத்தியது. 2020-இல் யு.எம்.சி. வணிக இரகசியத் திருட்டை ஒப்புக்கொண்டு 6 கோடி டாலர் அபராதம் கட்டியது.

இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. சந்தேகமிருப்பவர்கள் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி 2023

‘அமெரிக்கா மட்டும் யோக்கியமா? பிரேசிலின் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தை அது உளவு பார்க்கவில்லையா?’

அமெரிக்க உளவு அமைப்பின் கோப்புகளை அம்பலப்படுத்திய ஸ்னோடனின் ஆவணங்கள் வழியாக 2013 செப்டம்பரில் அது வெளியே வந்தது. மறுக்க ஒன்றுமில்லை. வாஷிங்டனின் பதில், அரசு தன் பாதுகாப்புக்கும் கொள்கைக்கும் உளவு பார்ப்பது வேறு, திருடியதைத் தன் நாட்டு நிறுவனத்தின் கையில் கொடுத்துச் சந்தையில் ஜெயிக்கவைப்பது வேறு என்பது. இந்தக் கோடு மெல்லியது. பிரேசில்காரர் யாரும் அதைக் கேட்டு மனம் ஆறியிருக்க மாட்டார்.

ஆனாலும் அந்தக் கோடு வேண்டும் என்கிறேன். சோதனைப் புள்ளி எண்ணோடு எங்கள் பலகை சந்தைக்கு வந்தபோது பறிபோனது ஓர் அரசின் இரகசியம் அல்ல, சிலருடைய பிழைப்பு. அரசுகள் ஒன்றையொன்று ஒட்டுக்கேட்பது நிற்கப்போவதில்லை. அதில் கிடைப்பது போட்டி நிறுவனத்தின் கைக்குப் போகக்கூடாது என்ற அளவிலாவது ஒரு விதி நிற்கட்டும். 2015 நவம்பரில் அந்தால்யாவில் கூடிய ஜி-20 நாடுகளும் இதே கோட்டை ஏற்றுத்தான் அறிக்கை விட்டன. சீனாவும் அதில் இருந்தது.

12 பிப்ரவரி 2023

அந்தால்யாவுக்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பரில் ஷி ஜின்பிங் அமெரிக்கா வருவதற்குச் சற்று முன், சீன நிறுவனங்கள் மீது தடை தயாராகிறது என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. செப்டம்பர் 25 அன்று ஒபாமாவும் ஷியும் சேர்ந்து, வணிக ஆதாயத்துக்காக இணையவழியில் அறிவுசார் சொத்தைத் திருடுவதில்லை, அதை ஆதரிப்பதுமில்லை என்றார்கள். தடை போடவே இல்லை. போடுவோம் என்ற நிலை மட்டும்தான்.

அடுத்த ஆண்டு ஃபயர்ஐ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், சீனாவிலிருந்து வரும் ஊடுருவல்கள் கணிசமாகக் குறைந்திருப்பதாகச் சொன்னது. குறைவது 2014 நடுவிலேயே தொடங்கிவிட்டது என்றும் அதே அறிக்கை சொன்னது. ராணுவச் சீரமைப்பு, ஊழல் ஒழிப்பு, குற்றப்பத்திரிகை, எல்லாமே காரணமாக இருக்கலாம். அதனால் தடை மிரட்டலுக்கே முழுப் பெருமையையும் கொடுக்க மாட்டேன். 2018-இல் மீண்டும் ஏ.பி.டி.10 என்ற சீன ஹேக்கர் குழு மீது குற்றப்பத்திரிகை வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

3 ஜூலை 2023

சீனாவின் திருத்தப்பட்ட உளவுத் தடுப்புச் சட்டம் இரண்டு நாள் முன்பு அமலுக்கு வந்தது. 2021 ஜூனில் வந்த அயல்நாட்டுத் தடை எதிர்ப்புச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது: அந்நிய நாட்டின் தடையை நிறைவேற்ற உதவியவர் மீது சீன நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். எங்களுக்கு இது எப்படி இருக்கும்? ஷாங்காய்க் கிளையில் இருப்பவர் அமெரிக்க விதிப்படி ஒரு வாடிக்கையாளரை மறுத்தால் அங்கே சட்டமீறல். மறுக்காவிட்டால் இங்கே சட்டமீறல். உளவுத் தடுப்புச் சட்டம் இருக்கையில், வாங்குபவரின் உரிமையாளர் யார் என்று விசாரிக்கப்போவதே அங்கே சந்தேகத்துக்கு இடமாகும். 50 சதவீத விதி அந்த விசாரணையை நம்பித்தான் நிற்கிறது.

மைக்ரானுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2018 ஜூலையில் ஃபூஜோ நீதிமன்றம் அதன் பொருள்கள் சிலவற்றைச் சீனாவில் விற்கத் தடை போட்டது. இந்த மே மாதம் சீன இணைய நிர்வாகம், முக்கியக் கட்டமைப்புகளில் மைக்ரான் சிப்பை வாங்கக்கூடாது என்றது. புகார் கொடுத்தவரே அடி வாங்குகிறார். இதைப் பார்த்தபின் எத்தனை நிறுவனம் எங்களைத் திருடினார்கள் என்று வாய் திறக்கும்?

30 டிசம்பர் 2023

மைக்ரானும் ஜின்ஹுவாவும் சமரசம் செய்துகொண்டன. உலகெங்கும் இருக்கும் தங்கள் வழக்குகளை இரண்டு பக்கமும் விலக்கிக்கொள்கின்றன. அமெரிக்க அரசின் குற்றவியல் வழக்கு தொடர்கிறது. மேலே ஜூலையில் கேட்ட கேள்விக்கு மைக்ரானின் பதில் இது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

29 பிப்ரவரி 2024

நேற்று முன்தினம் சான்பிரான்சிஸ்கோவில் நீதிபதி மாக்சின் செஸ்னி ஜின்ஹுவாவை விடுவித்துவிட்டார். ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரித்த வழக்கு. மைக்ரானின் இரகசியத்தை ஜின்ஹுவா முறைகேடாகப் பெற்றது என்பதை அரசு நிரூபிக்கவில்லை என்பது முடிவு.

இதைவிட வலுவான சான்று தெரியாது என்று நான் எழுதிய அதே ஜின்ஹுவா. நிறையப் பேர் அந்த வரியை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஒட்டட்டும், விவாதம் அங்கேதான் போக வேண்டும்.

தடைக்கு வலிமை உண்டு என்பது இன்றும் அப்படியேதான் நிற்கிறது. ஆலை முடங்கியது. ஆனால் அந்த வலிமையைச் செலுத்தி ஐந்து ஆண்டுக்கு மேல் கழித்து, அதே அரசின் நீதிமன்றம் ‘நிரூபணம் இல்லை’ என்கிறது. தீர்ப்பு வந்த அன்றும் ஜின்ஹுவாவின் பெயர் பட்டியலில்தான் இருந்தது. விடுதலைக்கும் பட்டியலுக்கும் சட்டப்படி தொடர்பே இல்லை. ஏனென்றால் பட்டியலில் சேர்த்தபோது வணிகத் துறை சொன்ன காரணம் திருட்டு மட்டும் இல்லை. ஜின்ஹுவாவின் உற்பத்தி, அமெரிக்க ராணுவத்துக்கு வேண்டிய சிப் செய்யும் நிறுவனங்களின் எதிர்காலத்தைக் கெடுக்கும் என்பதும் காரணம்.

குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தடைக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இது குறை இல்லை, தடை விரைவாக வேலை செய்வதே இதனால்தான் என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இப்போதும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விரைவாகத் தண்டிக்கிற அதிகாரத்துக்குத் திரும்பிப் பார்க்கிற கடமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஏற்றுமதிப் பட்டியலில் அது போதுமான அளவு இல்லை என்பது இந்தத் தீர்ப்பில் கண்முன்னே தெரிந்தது.

இன்னொன்று என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அஞ்சித் திருந்த வேண்டும் என்றால், திருடினால் அடி, திருடாவிட்டால் அடி இல்லை என்ற கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ‘வளர்ந்தாலே அடி’ என்று எதிராளி நினைத்துவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். எப்படியும் பட்டியலில் போடப்போகிறார்கள், திருடாமல் இருந்து என்ன பயன் என்று அவர் யோசிப்பார். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டையும் திருட்டுக்கான தடையையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பின்னதற்கு இருக்கும் அச்சுறுத்தும் சக்தி கரைந்துபோகும்.

2 மார்ச் 2024

‘நீதிமன்றம் போனால் பட்டியலிலிருந்து வர முடியாதா?’ முடியும், சில சமயம். 2021 ஜனவரியில் பாதுகாப்புத் துறை கைபேசி செய்யும் ஷாவ்மியைச் சீன ராணுவத் தொடர்புள்ள நிறுவனம் என்றது. அதற்குக் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, நிறுவனர் லெய் ஜுன் வாங்கிய ஓர் அரசு விருது. நீதிபதி ருடால்ஃப் கான்ட்ரெராஸ் மார்ச்சில் தடையை நிறுத்தினார். மே மாதம் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

ஷாவ்மிக்கு வாஷிங்டனில் நல்ல வழக்கறிஞர் வைக்கப் பணம் இருந்தது. எல்லோருக்கும் இருக்காது. கருவூலத் துறையிடம் நீக்கக் கோரி மனுப் போடலாம், அதற்கு வழிமுறை உண்டு. ஆனால் ஆதாரத்தில் ஒரு பகுதி இரகசியம் என்றால் எதை எதிர்த்து வாதாடுவது?

4 மார்ச் 2024

திருட்டே நடக்கவில்லை என்று சாதிக்கும் பதில்கள் பெருகிவிட்டன. ஒரு வரி: யு.எம்.சி. குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஜின்ஹுவாவின் பங்கு நிரூபிக்கப்படவில்லை. இரண்டும் உண்மை.

9 மார்ச் 2024

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், ‘இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் யாரையும் தொட முடியாது’ என்கிறார்.

நுணுக்கம் பார்க்காவிட்டால் அடி யார்மேல் விழும் என்பதற்கு சைனா இனிஷியேட்டிவ் இருக்கிறது. 2018 நவம்பரில் நீதித் துறை தொடங்கியது. ஜின்ஹுவா வழக்கை அறிவித்த அதே நாளில்தான். பொருளாதார உளவைப் பிடிக்கப் போனது, போகப் போகப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிதி விண்ணப்பத்தில் எதைக் குறிப்பிடவில்லை என்று பார்க்கும் வேலையாக மாறியது. எம்.ஐ.டி.யின் காங் சென் மீதான வழக்கை 2022 ஜனவரியில் அரசே விலக்கிக்கொண்டது. டென்னசியின் அன்மிங் ஹூவை நீதிபதி 2021-இல் விடுவித்தார். 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே முடித்துவிட்டார்கள்.

எங்கள் பிரிவில் சீனாவில் பிறந்த சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். எங்களில் விதியை மிகக் கறாராகப் பார்ப்பவர் அவர். அந்த ஆண்டுகளில் பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போவதற்குக்கூடத் தயங்கினார். திருட்டால் நொந்தவன் நான். அதற்குப் பதிலாக அவர் இப்படி வாழ வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

26 மார்ச் 2024

நேற்று வூஹான் சியாவ்ருய்ஷி நிறுவனத்தையும் ஏ.பி.டி.31 என்ற சீன ஹேக்கர் குழுவோடு தொடர்புடைய இருவரையும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே நாளில் பட்டியலில் போட்டன. புதுச் சட்டம் பயன்பட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை, அமெரிக்கா எடுத்தது 2015 ஆணையைத்தான். பேச்சும் பெரும்பாலும் முக்கியக் கட்டமைப்புகள் மீதான தாக்குதல் பற்றியே. 2018 மார்ச்சில் ஈரானின் மப்னா மீது போட்டதும் அதே ஆணையின்படிதான். அமெரிக்காவின் 144 பல்கலைக்கழகங்கள் உட்படப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து மொத்தம் 31 டெராபைட்டுக்கு மேல் ஆய்வுத் தரவு எடுத்த கூட்டம். 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் இணையத் தடையைப் போட்டபோதும் தியான்ஜினைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அதில் இருந்தது.

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: பிடிபடுவது ஊடுருவியவர். ஊடுருவி எடுத்ததை வைத்துப் பொருள் செய்தவரின் பெயர் எங்கே? 2023 சட்டத்தின்படி 2024 மார்ச் வரை ஒரு நிறுவனத்தின் மீதும் தடை அறிவிப்பு வரவில்லை. அந்தச் சட்டத்தின் உயிரே ‘பயனடைந்தவர்’ என்ற சொல் என்று முதல் வாரத்திலேயே எழுதினேன். அதைத் தொட ஆளில்லை.

27 மார்ச் 2024

ஏன் தொடவில்லை? என் ஊகம் இது. ஹேக்கர் மீது தடை போட்டால் யாருக்கும் வியாபாரம் கெடாது. கோப்பை வாங்கிய நிறுவனம் பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் பொருள் விற்கிறது, அமெரிக்கப் பணமும் அதில் முதலீடாகி இருக்கிறது. அங்கே கை வைக்கக் கருவூலத் துறை யோசிக்கும். திருட்டுக் கொடுத்த நிறுவனமே அந்தச் சந்தையை இழக்க அஞ்சி, வேண்டாம் என்று சொல்லவும் கூடும்.

18 ஆகஸ்ட் 2024

எல்லோரும் சீனாவையே பேசுகிறோம். தென்கொரியாவின் கோலோன் நிறுவனம் டூபான்ட்டின் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையின் இரகசியத்தை எடுத்த வழக்கில் 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 8.5 கோடி டாலர், இழப்பீடு 27.5 கோடி. கூட்டணி நாட்டு நிறுவனம், நீதிமன்றம் வந்தது, கட்டியது, வியாபாரத்தைத் தொடர்ந்தது. தடை என்ற பேச்சே எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. நீதிமன்றம் எட்டுகிற இடத்தில் தடை எதற்கு?

இன்னொரு கருவியையும் நாம் மறந்துவிட்டோம்: 1930 சுங்கச் சட்டத்தின் 337-வது பிரிவு. இரகசியத்தைத் திருடிச் செய்த பொருள் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வருவதை வர்த்தக ஆணையம் தடுக்கலாம். ரயில் சக்கரம் செய்யும் தியான்ருய் வழக்கில், திருட்டு முழுக்கச் சீனாவிலேயே நடந்திருந்தாலும் இந்தப் பிரிவு எட்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, எது வரக்கூடாது என்ற வரையறையும் உண்டு. எங்கள் பலகை விஷயத்தில் இப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் செலவு தாங்கியிருக்காது என்பது வேறு.

16 டிசம்பர் 2024

ஷூ யான்ஜுன் சீனாவுக்குத் திரும்பிவிட்டார்.

புதிதாக வந்தவர்களுக்கு: சீன அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அதிகாரி. ஜி.இ. நிறுவனத்தின் விமான எஞ்சின் விசிறித் தகடு இரகசியத்துக்குக் குறிவைத்தவர். 2018-இல் பெல்ஜியத்தில் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்ட முதல் சீன உளவு அதிகாரி. 2022 நவம்பரில் 20 ஆண்டு தண்டனை. குற்றவியல் சட்டத்தின் பக்கம் நின்று பேசியவர்கள் இந்த இழையில் திரும்பத் திரும்பக் காட்டிய வழக்கு. கடந்த மாதம் கைதிப் பரிமாற்றத்தில் போய்விட்டார்.

சீனச் சிறையிலிருந்த மூன்று அமெரிக்கர்கள் அதனால் வீடு வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் அடுத்த ஷூவுக்கு இது சொல்லும் செய்தி தெளிவானது: பிடிபட்டாலும் உன் அரசு உன்னை மீட்டுக்கொள்ளும்.

17 டிசம்பர் 2024

‘அப்படியென்றால் மீண்டும் தடைக்கே வருகிறீர்களா?’ வருகிறேன், ஆனால் 2023-இல் பேசிய அதே இடத்துக்கு இல்லை.

அந்தச் சட்டத்துக்கு ஏழு ஆண்டு ஆயுள். 2030 தொடக்கத்தில் காங்கிரஸ் அதை நீட்டிக்கவோ விடவோ வேண்டும். நீட்டிக்கும்போது இவற்றைச் சேர்க்கச் சொல்வேன். எந்தப் பொருளில், எந்த இரகசியம், எவ்வாறு பயனாயிற்று என்பதை இரகசிய ஆதாரத்தைத் தொடாமல் வெளியில் எழுத முடிந்தால் மட்டுமே பெயரைப் போட வேண்டும். போட்ட பெயரைக் குறித்த காலத்தில் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அதே விஷயத்தில் நீதிமன்றம் விடுவித்துவிட்டால் அந்த மறுபரிசீலனை உடனே நடக்க வேண்டும். இழப்பீடு கட்டி, அந்தப் பொருளைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டால் பெயர் நீங்கும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வழி தெரிந்தால்தான் ஓர் இயக்குநர் குழுவில் யாராவது ஒருவர் ‘இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பார். புகார் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரை மறைத்துவைக்கவும் ஏற்பாடு வேண்டும். மைக்ரான் பட்ட பாட்டுக்குப் பின் அது இல்லாமல் யாரும் முன்வர மாட்டார்கள்.

சிறு நிறுவனங்கள் புகார் கொடுக்க அரசுச் செலவில் ஒரு வழக்கறிஞராவது வேண்டும் என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். என் பட்டியலில் அது விட்டுப்போயிருந்தது. அதை முதலில் வைக்கிறேன்.